ஃபயர்வோலை ஓஃப் பண்ணாதேங்கோ

"ஃபயர்வோலை ஓஃப் பண்ணி விடுறன் ஐயா. பேந்து ஒரு பிரச்சினையும் வராது."

தெல்லிப்பழைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் இருக்கிற ஒரு சின்ன அச்சகத்தில் இந்த வசனம் சொல்லப்பட்டது. சொன்னவர் கொம்பியூட்டர் திருத்த வந்தவர். ஆறு மாதம் கழித்து ஒரு காலமை அச்சக ஐயா மெஷினைப் போட்டபோது பேஜ்மேக்கர் கோப்பு ஒன்றுமே திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒரு ஆங்கிலக் கடிதம் கிடந்தது. காசு கட்டினால் சாவி தருவினமாம். எங்களைக் கூப்பிட்ட ஐயா கேட்ட முதல் கேள்வி, "தம்பியவை, இது ஆர் எழுதினது?"

திருத்த வந்தவரின் பெயரை நாங்கள் சொல்லப் போவதில்லை. அவரைத் தனியாகக் கூண்டில் ஏற்றுவதும் எங்கள் நோக்கமில்லை. இதே வசனத்தைப் பார்மசியில் கேட்டிருக்கிறோம், பலசரக்குக் கடையில் கேட்டிருக்கிறோம், கொம்யூனிகேஷனில் கேட்டிருக்கிறோம். இன்னும் உண்மையைச் சொன்னால், எங்களில் இரண்டு பேர் இதே வேலையைச் செய்து காசும் வாங்கியிருக்கிறோம். ஆகவே இந்தக் கட்டுரை ஒரு ஆளுக்கு எதிரானது இல்லை, ஒரு பழக்கத்துக்கு எதிரானது. பழைய புரோகிராம் ஒன்று நெட்வேர்க்கில் வேலை செய்யவில்லை என்றால் முதலில் காவலை எடுத்து விடுகிற பழக்கம். அது சோம்பேறித்தனம். அதற்கு "செட்டிங்ஸ்" என்று பெயர் வைத்துச் சம்பளமும் வாங்குகிறோம்.

முதலில் அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேணும். விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசொஃப்ட் 2001இல் வெளியிட்டது, 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு கைவிட்டது. அதற்குள் பேஜ்மேக்கர் 7. அதுவும் 2001, அதுதான் அந்தப் புரோகிராமின் கடைசிப் பதிப்பு. அதற்குள் பாமினி எழுத்துரு. பாமினியில் அடித்த தமிழ் உண்மையில் கொம்பியூட்டருக்குத் தமிழே இல்லை. அது ஆங்கில எழுத்துகளைத்தான் சேமிக்கும், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உடுப்பு மாட்டிக் காட்டும். எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் அம்மாவின் பெயர்கூட அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக நிற்கும். யூனிகோட் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் ஏன் பாமினி என்று கேட்கிற புத்திசாலிகள் ஒருமுறை அச்சகத்தில் உட்கார்ந்து பார்க்க வேணும். பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. ஐயாவின் விரலுக்குப் பாமினி தெரியும். கணக்கு அவ்வளவுதான்.

அந்த மெஷினில் இருந்தது கல்வெட்டுகள். எங்கள் ஊருக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது மட்டும் இல்லை. ஒருவர் காலமானால் அந்தியேட்டிக்கோ 31ஆம் நாளுக்கோ வீட்டார் அடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகத்துக்கும் அதுதான் பெயர். தேவாரம் திருவாசகம் இருக்கும், காலமானவரின் படமும் வாழ்க்கை வரலாறும் இருக்கும், கடைசியில் நன்றி நவிலல் இருக்கும். நடுவில் ஒரு பக்கத்தில் வம்சாவளி. ஆருக்கு ஆர் பிள்ளை, ஆர் எந்த ஊரில் கலியாணம் கட்டினார், எந்தக் குறிச்சி, எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயிலில் ஆருடைய திருவிழா. அச்சடித்து, சாப்பாட்டுக்குப் பிறகு கையில் கொடுத்து, இரண்டு நாளில் மறந்து போகிற புத்தகம் என்று நினைப்போம்.

காங்கேசன்துறை ஆட்களுக்கு அது அப்படி இல்லை. 1990 ஜூனில் இந்தப் பக்கத்துச் சனம் முழுக்க எழும்பிப் போனது. சீமெந்துத் தொழிற்சாலை அந்த வருஷத்தோடு நின்றது. வலிகாமம் வடக்கின் பெரும் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. இருபது, இருபத்தைந்து வருஷம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காணிகளை விட்டார்கள். ரெயில் 2015 ஜனவரியில் திரும்பக் காங்கேசன்துறைக்கு வந்தது, மயிலிட்டித் துறைமுகத்தை 2017 ஜூலையில் திறந்தார்கள். திரும்பி வந்த கனபேருக்கு வீடு இல்லை, மதில் இல்லை, கிணறு மட்டும் இருந்தது. சில இடத்தில் எது தங்கள் வளவு என்று தெரியவே நாலு பேர் கூடிக் கதைக்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சுகளில் ஆரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் இருந்து ஒரு கல்வெட்டை எடுத்துக் கொண்டு வந்ததை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். "காங்கேசன்துறையைப் பிறப்பிடமாகவும்" என்று தொடங்கி "வசிப்பிடமாகவும் கொண்ட" என்று முடிகிற அந்த வசனத்தின் நடுவில் மல்லாகம், வவுனியா, சென்னை, ஸ்காபரோ என்று எத்தனை ஊர் போகுதோ அத்தனை இடப்பெயர்வு. ஊர் இல்லாத காலத்தில் ஊரை வைத்திருந்தது இந்தக் கடதாசிகள்தான். அவற்றின் மூலக் கோப்புகள் அந்த எக்ஸ்பி மெஷினில் இருந்தன. வேறெங்கும் இல்லை.

சரி, அந்த மெஷினுக்கு நெட்வேர்க் எதற்கு? மூன்று தேவை வந்தது. கடைக்குப் புதுப் பிறிண்டர் ஒன்று வாங்கினார்கள், அது நெட்வேர்க்கில் நிற்கிற பிறிண்டர். பக்கத்தில் விண்டோஸ் 10 ஓடுகிற புது மெஷின் ஒன்று வந்தது, அதற்குக் கோப்பு போக வேணும். மூன்றாவது, கல்வெட்டு அடிக்கிற வீட்டார் பெரும்பாலும் வெளிநாட்டில், புறூஃப் பார்க்க வேணும். ஐயாவின் மகனும் கனடாவில். "நான் இங்கையிருந்தே உள்ளுக்கு வந்து பாத்து அனுப்புறன் அப்பா" என்றிருக்கிறார்.

மூன்றும் நியாயமான தேவை. மூன்றுக்கும் அன்று கொடுக்கப்பட்ட பதில் ஒன்றுதான். எக்ஸ்பியின் ஃபயர்வோல் ஓஃப். முழு டிரைவும் எல்லாருக்கும் ஷெயார், வாசிக்கவும் எழுதவும். புது மெஷினில், விண்டோஸ் தானாகவே நிறுத்தி வைத்திருந்த எஸ்எம்பி முதலாம் பதிப்பைத் திரும்ப ஓன். ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389ஆம் போர்ட்டை நேரே எக்ஸ்பிக்குத் திறப்பு. பாஸ்வேர்ட் நாலு இலக்கம். வேலை ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது, எல்லாம் ஓடியது, எல்லாருக்கும் சந்தோசம்.

இதில் எங்களுக்கு ஆத்திரம் வருகிற இடம் எது தெரியுமோ? அந்த மூன்று தேவையில் ஒன்றுக்குக்கூட ஃபயர்வோலை நிறுத்தத் தேவை இருக்கவில்லை.

எக்ஸ்பியின் ஃபயர்வோல் உள்ளே வருவதை மட்டும்தான் மறிக்கும். வெளியே போவதை அது பார்ப்பதே இல்லை. பிறிண்டருக்கு எக்ஸ்பிதான் கூப்பிட்டுப் பேசுகிறது, பெரும்பாலும் பிறிண்டரின் 9100ஆம் போர்ட்டுக்கு. அது வெளியே போகிற பேச்சு. ஃபயர்வோல் ஓனில் இருந்தாலும் அச்சு வரும். அன்று அச்சு வராததற்குக் காரணம் டிரைவர். புதுப் பிறிண்டர்களுக்கு எக்ஸ்பி டிரைவர் எழுதுவதை விட்டுக் கனகாலம். காவற்காரனை வீட்டுக்கு அனுப்பி விட்டால் டிரைவர் வந்து விடுமா?

இதைப் போல இன்னொன்று. எக்ஸ்பியில் மெயில் போகவில்லை, இணையத்தளம் திறக்கவில்லை என்று சொன்னாலும் ஃபயர்வோலைத்தான் அடிக்கிறார்கள். எக்ஸ்பியோடு வந்த பிறவுசருக்கு இன்றைய தளங்கள் கேட்கிற டிஎல்எஸ் 1.2 பூட்டு தெரியாது. கூகுள் 2022 மே 30க்குப் பிறகு, கணக்கின் பெயரையும் பாஸ்வேர்ட்டையும் மட்டும் கொடுத்து நுழைகிற பழைய மெயில் புரோகிராம்களை ஏற்பதில்லை. இது மொழி விளங்காத பிரச்சினை, கதவு பூட்டின பிரச்சினை இல்லை. கதவைக் கழற்றினால் மொழி விளங்காது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேணும், ஏனென்றால் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. எக்ஸ்பி வந்த காலத்தில் அதன் ஃபயர்வோல் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. 2003 ஓகஸ்டில் பிளாஸ்டர், 2004 மே தொடக்கத்தில் சாசர் என்று இரண்டு புழுக்கள் வந்தன. ஆரும் எதையும் கிளிக் பண்ணத் தேவையில்லை. மெஷின் இணையத்தில் நின்றால் போதும், தானாக ஏறிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் 2004 ஓகஸ்டில் வந்த இரண்டாம் சேர்விஸ் பக், ஃபயர்வோலை எல்லா மெஷினிலும் ஓனில் வைத்தது. அன்றைக்குத்தான் சண்டை தொடங்கியது. அதுவரை ஓடிய பில்லிங் புரோகிராம் நின்றது, கேம் நின்றது, இரண்டு மெஷினுக்கு இடையில் கோப்பு போகவில்லை. புரோகிராமை எழுதியவர்கள் தங்கள் புரோகிராமுக்கு எந்தப் போர்ட் வேணும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கடைக்காரர் கத்துகிறார். திருத்த வந்தவர் என்ன செய்வார்? ஓஃப் பண்ணினார், ஓடியது. அந்தக் கை இன்னொரு கைக்குச் சொல்லிக் கொடுத்தது. இருபது வருஷம் ஆகியும் அந்தப் பாடம் மாறவில்லை. அண்ணை பழக்கினார், தம்பி செய்கிறார்.

எங்கள் வீட்டுக் காரரே இதைவிடக் கெட்டிக்காரர்கள். வளவுக்கு வேலி இருக்கும், ரோட்டுப் பக்கம் படலை இருக்கும். பக்கத்து வீட்டு மாமிக்குத் தண்ணி அள்ள வர வேணும் என்றால் வேலியில் ஒரு பொட்டு விடுவார்கள். மாமிக்கு மட்டும் தெரிந்த, மாமி மட்டும் குனிந்து வருகிற பொட்டு. மாமிக்குத் தண்ணி வேணும் என்று ஆராவது முழு வேலியையும் பிடுங்கி எறிந்தார்களா?

எக்ஸ்பிக்குள்ளேயே அந்தப் பொட்டுக்கு இடம் இருக்கு. கண்ட்ரோல் பனலில் ஃபயர்வோலைத் திறந்தால் இரண்டாவது பக்கம் 'எக்செப்ஷன்ஸ்'. அதில் ஒரு புரோகிராமைச் சேர்க்கலாம், அல்லது ஒரு போர்ட்டைச் சேர்க்கலாம். இதுவரைக்கும் கனபேருக்குத் தெரியும். ஆனால் அதே பெட்டியின் அடியில் 'சேஞ் ஸ்கோப்' என்று ஒரு பொத்தான் இருக்கு. எங்கள் அனுபவத்தில் பத்துப் பேரில் ஒருவர்கூட அதை அமத்திப் பார்த்தது இல்லை. அதில் மூன்று தெரிவு. எந்தக் கொம்பியூட்டரும் வரலாம், என் நெட்வேர்க்கில் உள்ளவை மட்டும் வரலாம், நான் சொல்கிற முகவரிகள் மட்டும் வரலாம். மூன்றாவதுதான் மாமிக்கான பொட்டு.

ஒரு கடையில் நாங்கள் செய்ததைச் சொன்னால் விளங்கும். பில்லிங் புரோகிராம் ஒன்று. முதல் கவுண்டரின் எக்ஸ்பியில் தரவு, இரண்டாவது கவுண்டர் அதைக் கேட்டு வாங்க வேணும். இங்கே உண்மையிலேயே உள்ளே வருகிற பேச்சு இருக்கு, ஆகவே பொட்டு தேவை. எந்த இடத்தில் விடுவது? ஊகிக்கத் தேவையில்லை, மெஷினையே கேட்கலாம். ஃபயர்வோலின் 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில் லொக் எழுதுகிற வசதி இருக்கு. மறித்துத் திருப்பி அனுப்பியவற்றை எழுதி வை என்று டிக் பண்ணி, இரண்டாவது கவுண்டரில் புரோகிராமைத் திறந்தோம். அது வேலை செய்யாமல் நின்றது. லொக்கைத் திறந்தோம். 192.168.1.12 இலிருந்து 1433ஆம் போர்ட்டுக்கு வந்தது, மறிக்கப்பட்டது என்று ஒரு வரி. 1433 என்றால் எஸ்கியூஎல் சேர்வர். பில்லிங் புரோகிராமுக்குள் அப்படி ஒன்று ஒளிந்திருப்பது கடைக்காரருக்கே தெரியாது. கட்டளைப் பெட்டியில் 'நெட்ஸ்டாட்' அடித்தும் உறுதிப்படுத்தினோம், எந்தப் புரோகிராம் எந்தப் போர்ட்டில் காது வைத்துக்கொண்டு இருக்கு என்று அது காட்டும். பிறகு ஒரே ஒரு விதி. 1433, அந்த ஒரு முகவரிக்கு மட்டும். இரண்டாவது கவுண்டருக்கு ரவுட்டர் முகவரியை மாற்றி மாற்றிக் கொடுக்காதபடி நிலையான முகவரி. தேத்தண்ணி ஆற முதல் முடிந்தது.

அந்த 1433க்குப் பக்கத்து வீடு 1434. 2003 ஜனவரி 25இல் ஸ்லாமர் என்ற புழு அதற்குள்ளால்தான் ஏறி, சில நிமிடத்தில் உலகம் முழுக்கப் பரவியது. கனபேருக்குத் தங்கள் மெஷினில் எஸ்கியூஎல் சேர்வர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. வேறு புரோகிராம்களோடு சேர்ந்து வந்து இறங்கியிருந்தது, எங்கள் பில்லிங் கடையைப் போலவே.

இனி அச்சகம். தாக்குதலுக்குப் பிறகு நாங்கள் அங்கே செய்த முதல் வேலை, இனியும் இந்த மெஷினுக்கு இணையம் எதற்கு என்று கேட்டது. பதில், தேவையே இல்லை. இன்னொரு டிஸ்க்கில் எக்ஸ்பியைத் திரும்பப் போட்டு, நிலையான முகவரி கொடுத்து, 'டிஃபோல்ட் கேட்வே' என்று இருக்கிற இடத்தை வெறுமையாக விட்டோம். டிஎன்எஸ்ஸும் வெறுமை. இவ்வளவுதான் வித்தை. வீட்டுக்குள் இருக்கிற மெஷின்களோடு அது பேசும், வீட்டுக்கு வெளியே போகிற பாதை அதற்குத் தெரியாது. காசு செலவில்லை, சொப்ட்வெயார் இல்லை. ரவுட்டரில் 3389 திறப்பை மூடினோம், தானாகப் போர்ட் திறந்து விடுகிற யூபிஎன்பியையும் நிறுத்தினோம். ஃபயர்வோல் ஓன், எக்செப்ஷன் ஒன்றுமே இல்லை.

அச்சுக்கு? பேஜ்மேக்கரில் இருந்து பிடிஎஃப். பாமினியை உள்ளே பதித்துக்கொண்டு வருகிற பிடிஎஃப் எந்த மெஷினிலும் ஒரே மாதிரித் தெரியும், புதுப் பிறிண்டருக்கும் அது விளங்கும். கோப்பு போக? எங்களிடம் கிடந்த பழைய லப்டொப் ஒன்றில் லினக்ஸ் போட்டு மூலையில் வைத்தோம். எக்ஸ்பியில் இருந்து வின்எஸ்சிபியின் பழைய பதிப்பு அந்த லப்டொப்பைக் கூப்பிட்டுக் கோப்பைக் கொடுக்கும். வின்எஸ்சிபி தன் பூட்டையும் சாவியையும் தானே வைத்திருப்பதால் எக்ஸ்பியின் பழைய பூட்டை நம்பத் தேவையில்லை. பேச்சைத் தொடங்குவது எப்போதும் எக்ஸ்பி, அதற்குள் ஆரும் வருவதில்லை. புது மெஷினில் எஸ்எம்பி முதலாம் பதிப்பையும் திரும்ப நிறுத்தியாயிற்று. எண்பதுகளின் சாமான் அது. மைக்ரோசொஃப்டின் ஆட்களே 2016இல் இதைப் பாவிக்க வேண்டாம் என்று கெஞ்சாத குறையாக எழுதினார்கள்.

மகனுக்கு? அவருக்குத் தேவைப்பட்டது மெஷின் இல்லை, புறூஃப். பிடிஎஃப் புது மெஷினில் இருந்து வட்ஸ்அப்பில் போகிறது. இதைக் கேட்டபோது ஐயா எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கு. "உவ்வளவுதானோ?" ஓம் ஐயா, உவ்வளவுதான்.

இந்த இடத்தில் மற்றப் பக்கத்து ஆட்கள் வருவார்கள். "உங்களுக்கென்ன விசரோ? எக்ஸ்பியைத் தூக்கி எறிஞ்சிட்டுப் புதுசா வாங்கச் சொல்லுங்கோ." கொழும்பில் இருந்து வருகிற ஆலோசனை பெரும்பாலும் இந்த மாதிரித்தான். எங்களுக்கு இதுவும் பிடிக்கவில்லை. 2022க்குப் பிறகு இந்த நாட்டில் புது மெஷின் வாங்கச் சொல்வது சும்மா வாயால் சொல்கிற வேலை இல்லை. வாங்கினாலும் பேஜ்மேக்கர் அதில் ஒழுங்காக ஓடாது, பழைய கட்டிங் மெஷின் பேசாது, பில்லிங் புரோகிராமை எழுதியவர் கடையைப் பூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். தவிர, புதிது என்பது எத்தனை நாளைக்கு? விண்டோஸ் 10ஐ 2025 ஒக்டோபர் 14இல் கைவிட்டார்கள். அச்சகத்தின் அந்தப் 'புது' மெஷின் இப்போது பழைய மெஷின். வயது வந்தவுடன் வெளியே போடு என்பது தீர்வென்றால் வருஷா வருஷம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வயதுதான் குற்றவாளி என்ற கதையும் முழு உண்மை இல்லை. 2017 மே 12 வனாகிரை எல்லாருக்கும் நினைவிருக்கும். இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன, எல்லாரும் எக்ஸ்பியைத் திட்டினார்கள். பிறகு எண்ணிப் பார்த்தபோது அகப்பட்டதில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கான பச் மார்ச்சிலேயே வந்திருந்தது, ஆரும் போடவில்லை. திறந்து கிடந்தது 445ஆம் போர்ட், பேசியது அதே எஸ்எம்பி முதலாம் பதிப்பு. கைவிட்டு மூன்று வருஷமான எக்ஸ்பிக்கும் மைக்ரோசொஃப்ட் அவசரமாக ஒரு பச் விட்டது. 2019 மேயில் ரிமோட் டெஸ்க்டொப்பில் ஓட்டை கண்டுபிடித்தபோது இன்னொன்றும் விட்டது. இந்த இரண்டையும் அச்சகத்து மெஷினில் ஆரும் போட்டிருக்கவில்லை. கேட்டால் "எக்ஸ்பிக்கு இனி அப்டேட் வராது" என்ற பதில்.

அரசாங்கம் எப்படி என்று பார்க்கலாமா? 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பை ரான்சம்வெயார் பிடித்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5000 அரச மின்னஞ்சல் முகவரிகள் அகப்பட்டன. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனவை போனவைதான், அந்தக் காலத்துக்கு பக்கப் இல்லை. ஓடிக்கொண்டு இருந்தது எக்ஸ்சேஞ் 2013. அதை மைக்ரோசொஃப்ட் அந்த வருஷம் ஏப்ரலிலேயே கைவிட்டிருந்தது. மாற்ற வேணும் என்று 2021இல் இருந்து திட்டம் இருந்ததாம், காசு இல்லையாம். காசில்லை என்ற காரணத்தை நாங்கள் நக்கல் அடிக்கவில்லை, எங்கள் ஐயாவிடமும் காசில்லை. ஆனால் பக்கப் எடுக்க இரண்டு டிஸ்க்கும் ஒரு ஆளும் போதும்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் வங்கிகளுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. ஏடிஎம்களில் ஓடிய எக்ஸ்பியைப் படிப்படியாக எடுங்கோ, 2019 ஜூனுக்குள் எல்லாம் முடிய வேணும் என்று. வங்கியிடம் காசு இருக்கு, அதிகாரத்தோடு கேட்கிற ஒருவரும் இருக்கிறார், ஆகவே அங்கே 'எறிந்துவிடு' என்பது சரியான பதில். காங்கேசன்துறை அச்சகத்துக்கு அந்தப் பதிலைக் கொண்டு வந்து ஒட்டக் கூடாது.

இப்போது எங்களுக்கே திரும்புவோம். இந்தத் தளத்தில் ஆண்டுதோறும் ஜூன் தொடக்கத்தில் நாங்கள் நூலக எரிப்பைப் பற்றி எழுதுகிறோம். 1981, தொண்ணூற்றேழாயிரம் புத்தகம். எழுத வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே நாங்கள், சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில் எங்கள் ஊரின் வம்சாவளிகள் ஒரே ஒரு டிஸ்க்கில், வேலி பிடுங்கின மெஷினில் கிடப்பதை அறிந்தும் சும்மா இருந்தோம். எங்களில் ஒருவரின் அம்மம்மாவின் கல்வெட்டும் அங்கேதான் அடித்தது. புறூஃப் பார்க்கப் போனவர் அந்த மெஷினைப் பார்த்து "எக்ஸ்பியா, சூப்பர்" என்று படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டார். ஒரு பென்டிரைவை நீட்டி "ஐயா, இதிலை ஒரு கொப்பி போட்டு வையுங்கோ" என்று கேட்கவில்லை. அந்தப் படம் இன்னும் அவருடைய ஃபோனில் இருக்கு, பின்னால் ஃபோல்டர் பெயர்கள் மங்கலாகத் தெரிகின்றன. போனவை எவை என்று பட்டியல் போட எங்களுக்கு உதவியது அந்தப் படம்தான். வெட்கக்கேடு.

மீட்டது கொஞ்சம். 2016 வரைக்குமான கோப்புகளை ஐயா சீடியில் எழுதி வைத்திருந்தார், பாதிச் சீடி வாசிக்குது. லிபர் ஒஃபிஸின் புதிய பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்பை ஓரளவுக்குத் திறக்கும். பக்க அமைப்பு குழம்பினாலும் எழுத்து வரும், எழுத்து வந்தால் பாமினியை யூனிகோடாக மாற்றலாம். அதைத்தான் சனிக்கிழமைகளில் செய்கிறோம். ஐயா பக்கத்தில் இருந்து பெயர்களைச் சரி பார்க்கிறார். மாற்றிக் கொடுக்கிற புரோகிராமுக்கு ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சில இடத்தில் மாறுது, ஆட்களின் பெயர் மாறுது, ஐயா பேசுகிறார்.

ஃபயர்வோலை ஓஃப் பண்ணின தம்பியும் போன மாதம் வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தோம். ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே மெஷினோடு கொழுவியிருக்கிற விண்டோஸ் 7 ஒன்று, நெட்வேர்க்கில் ஓடவில்லையாம், என்ன செய்யலாம் என்று கேட்டார். முதலில் லொக்கைப் பாரும் என்றோம். விண்டோஸ் 7இன் ஃபயர்வோலில் வெளியே போவதையும் மறிக்கலாம் என்றதும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். அன்று பிள்ளைகள் ஐஸ்கிரீம் குடிக்கப் போக வேணும் என்று வைத்திருந்த காசு மின்சாரத்துக்கும் தேத்தண்ணிக்கும் போனது.

பூட்டப்பட்டுப் போன டிஸ்க்கை நாங்கள் எறியவில்லை, காசும் கட்டவில்லை. ஐரோப்பியப் பொலிசும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் பிடிபட்ட கும்பல்களின் சாவிகளை இலவசமாகப் போடுவார்கள். எங்களுக்கான சாவி இன்னும் வரவில்லை. டிஸ்க்கைக் கழற்றி, திகதி எழுதி, பொலித்தீன் பையில் சுற்றி, ஐயாவின் அலுமாரியில் மை டின்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கு. மாதத்துக்கு ஒருக்கால் தளத்தைத் திறந்து பார்க்கிறோம்.

உங்கள் ஊர் அச்சகத்தில் இப்படி ஒரு மெஷின் நின்றால் முதலில் போய் ஒரு டிஸ்க்கில் கொப்பி எடுங்கோ. ஃபயர்வோலை அதற்குப் பிறகு பார்க்கலாம். 2017க்குப் பிந்திய காங்கேசன்துறை, மயிலிட்டி, கீரிமலைக் கல்வெட்டு ஏதாவது உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புங்கோ. வம்சாவளிப் பக்கம் கட்டாயம், மடிப்பு விழுந்திருந்தாலும் பரவாயில்லை.